அத்தையின் சர்க்கரைக்கு எந்த ஆஸ்பத்திரி? ஓர் அரை நாள் கணக்கு

மாதத்தில் ஒரு நாள்தானே என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் சர்க்கரையும் பி.பி.யும் உள்ள ஒரு பெரியவரை மாதாமாதம் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவர்களுக்குத்தான் தெரியும், அது முதல் நாள் ராத்திரியே தொடங்கிவிடும் என்று. எட்டு மணிக்குள் சாப்பாடு முடிய வேண்டும். பழைய சீட்டைத் தேடி எடுத்து வைக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போய் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து மறுபடியும் ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வீட்டுக்கு வந்தால் மணி இரண்டு. காலையில் போட்ட பாத்திரம் தொட்டியில் அப்படியே கிடக்கும். கேஸ்காரர் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

என் மாமியாருக்கு 72 வயது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பதினான்கு வருடமாகச் சர்க்கரை, அதன் பின்னாலேயே வந்த ரத்த அழுத்தம், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சி ஊரில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை ராத்திரி வருவார். நான் தனியார் பள்ளியில் டீச்சர். மாதம் ஒரு சி.எல்., அவசரம் என்றால் ஒரு மணி நேரம் பர்மிஷன், அவ்வளவுதான் என் கையில் இருப்பது. அந்த ஒரு சி.எல். ஒவ்வொரு மாதமும் அத்தையின் பரிசோதனைக்கே போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சம்பளத்தில் பிடித்தம்தான்.

இந்த மூன்று வருடத்தில் அரசு மருத்துவமனை, வீடு தேடி மாத்திரை வரும் திட்டம், தெருமுனை டாக்டர், மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை என்று நான்கையும் பார்த்தாகிவிட்டது. "எது நல்லதுன்னு சொல்லுங்க டீச்சர்" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ மாமியாரோ இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விவரமாக இங்கே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிகளை ரூபாயை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்பாகத்தான் முடிவெடுப்போம். எத்தனை அரை நாள் போகிறது, யாருடைய அரை நாள் போகிறது என்றும் எழுதிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ரத்தப் பரிசோதனை, டாக்டர், மாத்திரை என்ற மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நாளில் நடந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது.

புரிய வைத்தது ஒரு காலை நேரம். எந்த இடம் என்று சொல்ல வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கும். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், மணி ஒன்பதே முக்கால். அத்தை வழக்கம்போல எழுந்ததும் காலை ஆறு மணிக்கே சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டார். ரத்தம் கொடுக்கும்வரை சாப்பிடக் கூடாது என்பதால் முந்தின ராத்திரி எட்டு மணிக்கு அப்புறம் வயிற்றில் ஒன்றுமே இல்லை. பேசிக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் நெற்றியெல்லாம் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது, கை சில்லென்று இருக்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தையே பார்க்கிறார். பையில் கடலைமிட்டாய் இருந்தது, எடுத்து நீட்டினேன். பின்னால் இருந்த ஓர் அம்மா, "அது கரையறதுக்குள்ள என்ன ஆகுமோ, சீனியைக் குடும்மா" என்று தன் பிள்ளைக்குப் பால் கலக்க வைத்திருந்த சர்க்கரை டப்பாவைத் திறந்து கொடுத்தார். மூன்று ஸ்பூனைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் அத்தைக்கு முகம் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கிளிமிபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரைகள் வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கும். அதை முதல் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். தாழ்சர்க்கரைக்கு உடனே கரைகிற சர்க்கரையோ குளுக்கோஸோ வேண்டும். கடலைமிட்டாயில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். பரிசோதனை நாளில் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டது என் தப்பு. அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். அத்தையை வெறும் வயிற்றோடு வீட்டுப் படியைத் தாண்ட விடுவதில்லை.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

அரசு மருத்துவமனையை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. காலையில் வீட்டில் ஓர் ஆள் சும்மா இருக்க முடியும் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., ஒரு மாத மாத்திரை எல்லாம் காசில்லாமல் நடக்கும். சர்க்கரை, பி.பி. மாதிரி நோய்களைப் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில் ஒரு நோட்டு போட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் பி.பி., சர்க்கரை, மாத்திரை அளவு என்று அதில் ஏறிக்கொண்டே வரும். எந்த டாக்டர் மாறி வந்தாலும் அந்த நோட்டைப் புரட்டினால் கதை தெரிந்துவிடும். காலில் புண், கண் மங்கல், மூச்சு வாங்குகிறது என்று கூடவே ஏதாவது இருந்தால் அங்கேயே அடுத்த அறைக்கு அனுப்புவார்கள். தனியாரில் அதற்கு ஒவ்வொரு படிக்கும் தனிக் காசு.

ஆனால் ஓ.பி. என்பது காலை நேரத்து வேலை. சீட்டு வரிசை, பி.பி. வரிசை, ரத்த வரிசை, டாக்டர் வரிசை, மருந்து வரிசை. ஐந்து வரிசையிலும் முழங்கால் வலிக்காரர் நிற்க முடியாது, கூட வந்தவர்தான் நிற்க வேண்டும். அதாவது ஒரு நோயாளிக்கு இரண்டு பேருடைய அரை நாள். வேலைக்குப் போகிற வீட்டில் வருடத்துக்குப் பன்னிரண்டு அரை நாள் என்பது பெரிய செலவு, அது எந்த பில்லிலும் வராது. கூட்டம் அவ்வளவு வருவது அந்த இடத்தின் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையால்தான், அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் சூழ்நிலைக்கு மாதாமாதம் முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பி.பி. பார்ப்பார். பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்வார், அப்போதே காபி குடித்திருந்தால் "அரை மணி கழிச்சு வர்றேன் பாட்டி" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு வருவார். பெரிய டாக்டர்களிடம்கூட இந்த நிதானம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அத்தைக்கு அவர் வருவது ஒரு விசேஷம் மாதிரி. மகளிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்வார். பாதத்தில் மதமதப்பு இருக்கிறது என்பதே அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

இதில் போகும் அரை நாள் பூஜ்யம். ஆனால் இதை மட்டுமே நம்பி இருந்துவிடக் கூடாது. நிலையாக இருக்கிற நோயாளிக்கு, ஏற்கெனவே டாக்டர் முடிவு செய்த மாத்திரை தடையில்லாமல் கிடைப்பதற்கான ஏற்பாடு இது. மாத்திரை மாற்ற வேண்டுமா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதற்கெல்லாம் டாக்டரிடம்தான் போக வேண்டும். பதிவு செய்யாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் மற்ற எதையும் யோசிக்கும் முன் இதில் சேர்த்துவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. நகர்ப்புற நலவாழ்வு மையங்கள். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 மையங்களைத் திறந்தார்கள். காலை 8 முதல் 12 வரை, அப்புறம் மாலை 4 முதல் 8 வரை என்பது அவற்றின் நேரம். அந்த மாலை நேரம் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, அத்தையை மெதுவாக நடத்திக் கூட்டிப்போய், பி.பி. பார்த்து, ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு, வரும் வழியில் மாவு வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். டாக்டரும் நர்ஸும் இருக்கிறார்கள், காசு கிடையாது.

தெருமுனை டாக்டரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பாசம் சேர்ந்துவிடும், அதைத் தள்ளிவிட்டுப் படியுங்கள். 300 ரூபாய் ஃபீஸ். அத்தையின் வீட்டுக்காரர் காலத்திலிருந்து அவரிடம்தான் போகிறோம். "போன தீபாவளிக்கு அதிரசம் சாப்பிட்டு ஏத்திக்கிட்டீங்களே, இந்த வருஷம் எப்படி?" என்று அவர் கேட்டால் அத்தை ஒரு வாரத்துக்கு இனிப்பைத் தொட மாட்டார். நான் சொன்னால் அது மருமகள் பேச்சு, அவர் சொன்னால் வேதவாக்கு. இந்தப் பலனுக்கு விலை போட முடியாது.

அங்கே உள்ள சிக்கல் நேரம்தான். மாலை ஆறு மணிக்கு டோக்கன் என்றால் உள்ளே போக எட்டரை ஆகும். வீட்டில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும், ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு நகரும். சர்க்கரைக்காரருக்கு அந்த நேரம் தள்ளிப்போவதே கெடுதல். இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். டோக்கனை மட்டும் நான் பள்ளியிலிருந்து வரும் வழியில் வாங்கிவிடுவேன். இட்லியை ஏழு மணிக்கே அத்தை வீட்டிலேயே சாப்பிட்டுவிடுவார். ஏழே முக்காலுக்கு ஆட்டோ அண்ணனுக்குப் போன் போட்டால் போதும். இன்னொரு குறை, அவரிடம் எழுத்தில் எதுவும் தங்காது. எல்லாம் அவர் நினைவில் இருக்கும், இல்லையென்றால் நம் கையில் உள்ள சீட்டில் இருக்கும். அதனால் அரசு மருத்துவமனை நோட்டையே அவரிடமும் நீட்டிவிடுகிறேன். அவரும் சலிக்காமல் அதிலேயே எழுதித் தருகிறார்.

பெரிய தனியார் மருத்துவமனைக்கு இரண்டு முறை போனோம். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் ரத்தம், டிபன், மறுபடி ரத்தம், ஈ.சி.ஜி., கால் நரம்புப் பரிசோதனை, விழித்திரைப் படம், டாக்டர், உணவு ஆலோசகர் என்று ஒரு மணிக்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். சக்கர நாற்காலி தள்ள ஆள் உண்டு. ஒரே மூச்சில் எல்லாம் தெரிந்துவிடுவது நிம்மதிதான். எங்களுக்கு ஆன செலவு, போக்குவரத்தையும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நாலாயிரத்துச் சொச்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை என்பது பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளுக்கும் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கும்தான், இந்த மாதாந்தரச் செக்கப்புக்கு அது வராது. வருடத்துக்கு ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடத் தனியார் சரி. மாதாமாதம் அங்கே போகும் வசதி எங்களுக்கு இல்லை, தேவையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டிலிருந்தே போனில் டாக்டரைப் பார்க்கும் அரசின் இ-சஞ்சீவனி இலவசம். ரிசல்ட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்க நல்லது. பாதத்தைத் தொட்டுப் பார்க்க அதில் முடியாது என்பதால் அத்தை விஷயத்தில் அது துணைக்குத்தான்.

இப்போது ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன், எங்கள் அரை நாள்கள் எல்லாம் தொலைந்தது இங்கேதான். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். சாப்பிட்ட பின் பரிசோதனை இரண்டு மணி நேரம் கழித்து. அந்த இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவிய நேரத்திலிருந்து இல்லை. அத்தை ஒரு இட்லிக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்பவர், அதனால் இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் பெரியது. இடைப்பட்ட நேரத்தில் கடைகண்ணிக்கு நடக்க வைத்தால் ரீடிங் இறங்கிக் காட்டும், வழக்கமான நிலவரம் தெரியாது. இன்னொன்று, மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறோமே, அந்த எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. சாயங்காலம் போய்க்கூடக் கொடுக்கலாம். கடந்த இரண்டு மூன்று மாதத்தை அது காட்டுவதால் மாதாமாதம் எடுப்பதில் பிரயோஜனமும் இல்லை. இது தெரியாமல் முதல் வருடம் முழுக்க அதற்கும் அத்தையைப் பட்டினி போட்டேன்.

லேப்பிலிருந்து வீட்டுக்கு வந்து எடுப்பதற்கு எங்கள் ஊரில் கூடுதலாக நூறு ரூபாய். ஆட்டோவுக்கே போக வர நூற்று இருபது. காலை ஆறரைக்கு அந்தத் தம்பி வருவார். ரத்தம் கொடுத்த கையோடு அத்தை மாத்திரையும் இட்லியும் எடுத்துக்கொள்வார். முதல் வாய் வைக்கும் நேரத்தை, முந்தின நாள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அவரே எழுதி வைப்பார். "6.50" என்று கொஞ்சம் நடுங்கின எழுத்தில் இருக்கும். எட்டு ஐம்பதுக்குத் தம்பி மறுபடி வரும்போது நான் பள்ளியில் இருப்பேன், பக்கத்து வீட்டு அக்கா வந்து கூட இருப்பார். மத்தியானம் ரிசல்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். லேப் எதுவானாலும் தரத்துக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் அதே லேப்பிலேயே தொடருங்கள். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் ஏறியது சர்க்கரையா, மாறியது மெஷினா என்று தெரியாது.

மாத்திரைக்கும் இதே மாதிரி ஓர் ஒப்பீடு தேவை. மெடிக்கலில் கம்பெனி மாத்திரையாக வாங்கியபோது எங்களுக்கு மாதம் தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. மக்கள் மருந்தகம் எனப்படும் மத்திய அரசின் கடைகள் 2008 முதலே இருக்கின்றன. 2014இல் அம்மா மருந்தகம் வந்தது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகம் முழுக்க 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தார்கள், அதில் ஒன்று எங்கள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. அதே மருந்து, கம்பெனிப் பெயர் இல்லாமல். எங்கள் பட்டியலுக்கு முந்நூற்றைம்பதுக்குள் முடிகிறது. வீட்டுக்கு வரும் அரசு மாத்திரையோடு சேர்த்துக் கணக்கிட்டால் இப்போது வெளியே வாங்க வேண்டியது இரண்டே மருந்துதான்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது, இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதவே உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். இரண்டு இடத்திலிருந்து மாத்திரை வாங்கும்போது ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் வந்துவிடும். கம்பெனி மாத்திரையில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு சர்க்கரை மருந்தும் சேர்ந்தே இருந்தது. அரசு மாத்திரையில் மெட்ஃபார்மின் தனியாக வந்தது. அட்டையின் நிறம் வேறு, மாத்திரையின் அளவு வேறு. அத்தை இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து நான்கு நாள் இரண்டையும் போட்டிருக்கிறார். வயிற்றுப்போக்கும் சோர்வும் வந்த பிறகுதான் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் மெட்ஃபார்மின் என்ற பெயர் இரண்டிலும் இருந்தது.

அன்று ராத்திரியே எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் நோட்டில் எழுதி, பழைய அட்டைகளை எடுத்துவிட்டேன். இப்போது டாக்டரிடம் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பெயரையும் எழுதச் சொல்கிறோம். எஸ்.ஆர். என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை, பெரிதாக இருக்கிறது என்று நுணுக்கிப் போடக் கூடாது என்பதையும் மருந்தாளுநர்தான் சொல்லிக் கொடுத்தார். அத்தைக்கு அந்தப் பழக்கமும் இருந்தது.

வீட்டு வேலைகளை இந்த நாள்களோடு எப்படிச் சேர்ப்பது என்பதில் நான் பட்டுத் திருந்தியதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் வெளியே போகிறோம், வரும் வழியில் ரேஷன், மில், காய்கறி எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். பேப்பரில் எழுதினால் அழகாகத்தான் இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை அத்தையின் கண்ணுக்கு மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகிறோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை. அதே அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14ஆம் தேதி தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இரண்டும் ஒரே பக்கம் என்பதால் போன வருடம் ஒரு கட்டைப் பையோடு கிளம்பினேன். காலையில் சந்தையில் கத்தரி, முருங்கை, வெண்டை, இரண்டு கிலோ சின்ன வெங்காயம். அப்புறம் மருத்துவமனை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைத்த பிறகு பல மணி நேரம் வரை பக்கத்தில் உள்ளது மங்கலாகத்தான் தெரியும், வெளிச்சம் கூசும். அத்தை ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். என் ஒரு கையில் பை. படி இறங்கும்போது பிடிக்க எனக்குக் கை இல்லை. கடைசிப் படியில் அவர் கால் தேடியது. பையை அப்படியே கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன். வெங்காயம் உருண்டு ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முழங்கால் தேய்ந்த 72 வயதுக்காரர் அங்கே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதிலிருந்து கையில் தூக்கும் எந்த வேலையையும் அத்தையோடு போகும் நாளில் வைப்பதில்லை. ரேஷனை வீட்டுக்காரர் வரும் வாரத்தில் அவர் போய் வாங்கிவிடுகிறார். அட்டையில் பெயர் உள்ள யார் விரல் வைத்தாலும் போதும். ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான், அதைப் போனிலேயே கட்டிவிடுவேன். அதற்காக வரிசையில் நின்ற காலம் போய்விட்டது. கேஸ் புக் பண்ணும்போது பரிசோதனைத் தேதியைப் பார்த்துக்கொள்கிறேன். மில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸைப் பொறுத்தவரை, 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எங்கள் இருவருக்கும் மதுரைக்குப் போக வரச் செலவே இல்லைதான். ஆனால் படி உயரம். போகும்போது பஸ், வரும்போது ஆட்டோ என்று வைத்திருக்கிறோம். போகும்போது காலுக்குத் தெம்பு இருக்கும், திரும்பும்போது இருக்காது.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது இது. மாத்திரையும் பி.பி.யும் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் மூலமாக. மாதாந்தரச் சர்க்கரைப் பரிசோதனை வீட்டில், காலை ஆறரைக்கு. சந்தேகம் என்றால் மாலையில் நலவாழ்வு மையம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1.சி. எடுத்துக்கொண்டு தெருமுனை டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சிறுநீரகம், ஈ.சி.ஜி., பாதம் எல்லாம் பார்த்து நோட்டில் ஏற்றிக்கொள்கிறோம். கண்ணுக்குப் பள்ளி விடுமுறையில் மதுரை. என் விடுப்பில் போவது வருடத்துக்கு இரண்டு அரை நாள்தான். பன்னிரண்டிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது.

இதை அப்படியே எல்லோரும் எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். இன்சுலின் புதிதாகத் தொடங்கியிருந்தால், மாத்திரை அளவை இப்போதுதான் மாற்றியிருந்தால், காலில் ஆறாத புண் இருந்தால், சிறுநீரகத்தில் கோளாறு என்று சொல்லியிருந்தால் இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்க்கக் கூடாது. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்கு, டாக்டர் வரச் சொல்கிற நாளெல்லாம் போக வேண்டும். அப்போது அரை நாளை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. அதே போல வீட்டில் ஓய்வுபெற்ற மாமாவோ, காலையில் நேரம் உள்ள மகனோ இருந்தால் அரசு மருத்துவமனையே போதும், லேப்புக்கும் கிளினிக்குக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை இந்த மாத முறை. அத்தையிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன், திங்கள் ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு முடிய வேண்டும் என்று. "தெரியும்மா, இட்லி மாவு இருக்கான்னு மட்டும் பாரு" என்றார். பார்த்தேன், இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்ட வேண்டும்.